காக்காய் பறந்தால் கிரீடம் விழும்

லண்டனில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய பெரியம்மாவின் பெட்டியில் சாக்லேட் இருந்தது, ஒரு கம்பளிக் குல்லா இருந்தது. வாயில் ஒரு காக்காய்க் கதை இருந்தது. சாக்லேட் இரண்டு நாளில் தீர்ந்தது. குல்லா பரணுக்குப் போனது. கதை மட்டும் தீரவேயில்லை.

"அங்கே ஒரு கோட்டை இருக்குடா. அதுல ஏழு அண்டங்காக்கா. ஆறுக்குக் கீழே குறைஞ்சா ராஜா குடும்பமே கவுந்துடுமாம். ஆயிரம் வருஷமா அப்படித்தானாம். அதுக்குன்னு ஒரு ஆளைப் போட்டு, தினம் கறியும் பிஸ்கட்டும் குடுத்து வளக்கிறாங்க. இங்கே என்னடான்னா, அமாவாசைக்கு உங்க பெரியப்பாவுக்குச் சோத்தை வெச்சுட்டு மொட்டை மாடியில நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் ஒண்ணுகூட எட்டிப் பாக்க மாட்டேங்குது."

பெரியம்மாவுக்கு லண்டன் ராஜா மேல் கோபம் இல்லை. நம் ஊர்க் காக்காய்கள் மேல்தான் கோபம். எனக்கு இடித்தது அந்த 'ஆயிரம் வருஷம்'. நம் பக்கத்தில் யாராவது ஆயிரம் வருஷம் என்று சொன்னால் தாத்தா காலத்தில் தொடங்கியிருப்பார்கள் என்று அர்த்தம். வெள்ளைக்காரன் மட்டும் தேதி தவறாமல் பேசுவான் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன்.

முதலில் அந்தப் பறவை. ரேவன் என்கிறார்கள். நாம் அண்டங்காக்கை என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம், உண்மையில் நம் அண்டங்காக்கைக்கு அது பெரியப்பா முறை வேண்டும். சிறகை விரித்தால் நாலடி. எடை ஒரு கிலோவுக்கு மேல். நம் ஊர்க் காக்காய் தலையில் தட்டிவிட்டுப் போனால் சனி பிடித்துவிட்டதோ என்று கவலைப்படுவோம். இது தட்டினால் கவலைப்பட நேரம் இருக்காது, நேரே தையல் போடத்தான் போக வேண்டும்.

அடுத்தது தல புராணம். எந்தத் தல புராணத்துக்கும் ஒரு ராஜா வேண்டும், ஒரு முனிவர் வேண்டும், ஒரு பிராணி வேண்டும், மீறினால் பலிக்க ஒரு சாபம் வேண்டும். லண்டன் டவர் கோட்டைப் புராணத்தில் நாலும் உண்டு. ராஜா, இரண்டாம் சார்லஸ். முனிவர், ஜான் ஃபிளாம்ஸ்டீட் என்ற வானியலாளர். கோட்டையின் வெள்ளைக் கோபுரத்து உச்சியில் தொலைநோக்கியை நிறுத்தி வைத்துக்கொண்டு அவர் வானத்தை அளந்துகொண்டிருக்கிறார். காக்காய்கள் வந்து தொலைநோக்கியின் மேல் தங்கள் கைங்கரியத்தைச் செய்துவிட்டுப் போகின்றன. ஃபிளாம்ஸ்டீட் ராஜாவிடம் ஓடுகிறார். மகாராஜா, வியாழனைப் பார்க்க உட்கார்ந்தால் வெள்ளையாக வேறு எதுவோ தெரிகிறது.

சார்லஸ் கோபித்துக்கொண்டு அத்தனை காக்காயையும் சுட்டுத் தள்ளச் சொல்கிறார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் காதைக் கடிக்கிறார். (புராணங்களில் இந்த 'யாரோ ஒருவருக்கு' எப்போதும் பெயர் கிடையாது. பெயர் இருந்தால் போய் விசாரித்துவிடுவார்கள்.) காக்காய் போனால் கோபுரம் விழும், கோபுரம் விழுந்தால் ராஜ்ஜியம் விழும். சார்லஸுக்குத் தொண்டை உலர்ந்துவிடுகிறது. நியாயம்தான், 1649-இல் அவருடைய அப்பாவின் தலையை நாடாளுமன்றத்து ஆட்கள் நடுத்தெருவில் வைத்து வெட்டியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் 'விழும்' என்ற சொல்லை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காக்காய்கள் இருக்கட்டும், ஆறாவது எப்போதும் இருக்கட்டும், வானியலாளர் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு. ஃபிளாம்ஸ்டீட் மூட்டை கட்டிக்கொண்டு கிரீனிச்சுக்குப் போய்ச் சேர்கிறார்.

பதவியில் இருப்பவரை மற்றவர்கள் காக்காய் பிடிப்பதுதான் உலக வழக்கம். பதவியில் இருப்பவரே காக்காய் பிடித்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கதையில் பாதி நிஜம், அதனால்தான் அது நிற்கிறது. ஃபிளாம்ஸ்டீட் கொஞ்ச நாள் அந்தக் கோபுரத்தில் இருந்து வானம் பார்த்தது உண்மை. சார்லஸ் 1675-இல் கிரீனிச்சில் வானாய்வகம் கட்டச் சொன்னதும் உண்மை. ஆனால் காரணம் கப்பல்கள். நடுக்கடலில் தான் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறோம் என்று மாலுமிக்குத் தெரியவில்லை, நட்சத்திரங்களைத் துல்லியமாகக் குறித்தால் தெரியும் என்று சொன்னார்கள். ராஜா தலையாட்டினார், பணம் மட்டும் தரவில்லை. நமத்துப்போன வெடிமருந்தை விற்று வந்த காசில் கட்டச் சொன்னார். 500 பவுனுக்குள் முடிக்க வேண்டிய கட்டடம் 520 பவுனில் முடிந்தது. கிறிஸ்டோபர் ரென் என்ற பெரிய கட்டடக் கலைஞர், கோட்டைக்குள் இடித்துப் போட்ட ஒரு வாசல் கட்டடத்தின் மரம், இரும்பு, ஈயம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய்க் கட்டினார். ஆக, டவர் கோட்டையிலிருந்து வானியலாளர் போனது நிஜம், கூடவே வாசலையும் எடுத்துக்கொண்டு போனார். காக்காய் கணக்கில் வரவில்லை.

எனக்கு இதில் பெரிய சாட்சி ஃபிளாம்ஸ்டீட்தான். வருஷம் 100 பவுன் சம்பளம், கருவிகளைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். மனிதர் வாழ்நாள் முழுக்கப் புலம்பினார். தான் முடித்துத் தராத நட்சத்திரப் பட்டியலை நியூட்டனும் ஹாலியும் முந்திக்கொண்டு அச்சடித்துவிட்டார்கள் என்று, 400 பிரதிகளில் 300-ஐக் கைப்பற்றி நெருப்பில் போட்டவர் அவர். நியூட்டனையே விடாத ஆள், தன் தொலைநோக்கியில் அசிங்கம் செய்த காக்காயைச் சும்மா விட்டிருப்பாரா? பத்துப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருப்பார்.

சார்லஸின் காக்காய்கள் கோட்டையைக் காத்த லட்சணத்தையும் பார்த்துவிடலாம். 1671 மே மாதம் தாமஸ் பிளட் என்பவர் பாதிரியார் அங்கியில் உள்ளே நுழைந்தார். நகைக் காவலருக்கு வயது 77. அவர் தலையில் ஒரு போடு போட்டுவிட்டு, கிரீடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி அங்கிக்குள் செருகிக்கொண்டார் பிளட். வெளியே போவதற்குள் பிடித்துவிட்டார்கள், பிடித்தது மனிதர்கள். சார்லஸ் அந்தத் திருடனைக் கூப்பிட்டுப் பேசி, மன்னித்து, வருஷம் 500 பவுன் வரும்படியுள்ள நிலமும் கொடுத்தார். நட்சத்திரம் எண்ணியவருக்கு 100, கிரீடம் திருடியவருக்கு 500. இந்த ராஜா ஆறு காக்காயை எண்ணி வைத்துக்கொண்டார் என்றால் நம்புவதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

'ஆயிரம் வருஷம்' கட்சிக்காரர்கள் இங்கே விடமாட்டார்கள். சார்லஸ் வேண்டாம், அதற்கும் முன்னால் பிரான் இருக்கிறான் என்பார்கள்.

பிரான் கதையை நான் மனதாரச் சிபாரிசு செய்கிறேன், காரணம் அதில் நடக்கும் எதற்கும் யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். வேல்ஸ் நாட்டுப் பழங்கதைத் தொகுப்பான மாபினோகியில் வருகிறது. பிரான் ஓர் அரக்கன் அளவுக்குப் பெரிய ராஜா, எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. அவன் தங்கை பிரான்வெனை அயர்லாந்து ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதைக் குறைவு, அதனால் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் அடுப்படி வேலையும் அறையும். எல்லாக் கல்யாணத்திலும் இருப்பதுதான், இங்கே அது போரில் முடிந்தது. பிரான் கடலில் நடந்தே அயர்லாந்துக்குப் போனான். போரில் அவன் பக்கம் மிஞ்சியது ஏழே பேர். விஷம் தோய்ந்த ஆயுதம் காலில் பட்டு, இனிப் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும், என் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள் என்றான் பிரான்.

வெட்டினார்கள். தலை பேச்சை நிறுத்தவில்லை. ஹார்லெக்கில் ஏழு வருஷம், குவேல்ஸ் என்ற இடத்தில் எண்பது வருஷம், அந்த ஏழு பேரும் சாப்பிட்டுக் குடித்துக்கொண்டிருக்க, நடுவில் தலை உட்கார்ந்து அரட்டை அடித்தது. உடம்போடு இருந்த காலத்தைவிட இப்போதுதான் பேச நன்றாக இருந்தது என்றுகூட அவர்களுக்குத் தோன்றியிருக்கும். கடைசியில் தலையை லண்டனுக்குக் கொண்டுவந்து வெள்ளை மேடு என்ற இடத்தில், பிரான்ஸ் திசையைப் பார்க்கும்படி புதைத்தார்கள். அது அங்கே இருக்கும்வரை கடல் தாண்டி எந்த ஆபத்தும் வராது.

ஆர்தர் ராஜா வந்தார். என் நாட்டைக் காக்க நான் போதாதா, செத்தவன் தலை எதற்கு என்று அதைத் தோண்டி எடுத்துப் போட்டார். பிறகு 1066-இல் பிரான்ஸ் கரையிலிருந்து வில்லியம் கப்பலேறி வந்து நாட்டைப் பிடித்தார். 1078-ஐ ஒட்டி வெள்ளைக் கோபுரத்தைக் கட்டத் தொடங்கினார். வெள்ளை மேடு என்பது அந்தக் கோட்டை இருக்கும் இடம்தான் என்கிறார்கள். எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது பாருங்கள்! ஒரே குறை, இந்தக் கதையில் காக்காயே இல்லை. வேல்ஸ் மொழியில் 'பிரான்' என்றால் காக்கை என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தலை இருந்த இடத்தில் பறவையை உட்கார வைத்தது பின்னால் வந்தவர்களின் கெட்டிக்காரத்தனம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது நமக்குத் தெரியும். இங்கே பனம்பழம் விழுந்து பல நூற்றாண்டு கழித்துக் காக்கையைக் கொண்டுவந்து மரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நிஜமான ராஜாக்கள் நிஜமான காக்காய்களை எப்படி நடத்தினார்கள்? 1500-ஐ ஒட்டி லண்டனுக்கு வந்த ஒரு வெனிஸ்காரர், தெருவெல்லாம் காக்காய், கொன்றால் அபராதம் என்று ஆச்சரியப்பட்டு எழுதினார். அபராதம் பக்தியால் இல்லை. குப்பை வண்டி கிடையாது, சாக்கடை கிடையாது, காக்காய்தான் நகராட்சி. சம்பளம் கேட்காத துப்புரவுப் பணியாளரைக் கொல்லக் கூடாது என்று சட்டம் போட்டது யோசனை உள்ள காரியம். அந்த யோசனையும் நீடிக்கவில்லை. 1532-இல் எட்டாம் ஹென்றி, காக்காய் தானியத்தைத் தின்கிறது என்று அதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஊரும் காக்காய் பிடிக்க வலை வைத்திருக்க வேண்டும், பிடித்தவனுக்குக் காசு. 1536-இல் தன் மனைவி ஆன் போலினின் தலையை இதே கோட்டைக்குள் வாங்கிய அதே ஹென்றி, நாலு வருஷம் முன்பே காக்காய்த் தலையில் பழகிவிட்டார். அதற்குப் பிறகு முந்நூறு வருஷம் துப்பாக்கியும் வலையும்தான். லண்டனில் தானாக வாழ்ந்த ரேவன் கடைசியாகக் கூடு கட்டியது 1826-இல், ஹைட் பார்க்கில்.

வெளியே ஒன்றுகூட மிச்சமில்லாமல் துடைத்த பிறகுதான் கோட்டைக்குள் அது தெய்வமாகிறது.

ஜெஃப்ரி பார்னெல் என்று ஒருவர், கோட்டையின் வரலாற்றையே தொழிலாகக் கொண்டவர், 2004-இல் பழைய பதிவேடுகளை எல்லாம் கிளறினார். கோட்டையில் யானை இருந்ததற்குக் கணக்கு உண்டு, சிங்கத்துக்கு உண்டு, தேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்கப்போன வெள்ளைக்கரடிக்குக்கூட உண்டு. ஒன்பது நூற்றாண்டுக் கணக்குப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் காக்காயைக் குறித்து வைக்கவில்லை. அவர் கண்ணில் பட்ட முதல் செய்தி 1895-ஆம் ஆண்டு, பிராணிகள் நலச் சங்கத்தின் பத்திரிகையில். அதிலும் ராஜ்ஜியத்தைக் காத்த செய்தி இல்லை. கோட்டையில் வளர்ந்த ஒரு பூனையைக் காக்காய்கள் கொத்திக் கொத்திப் படுத்துகின்றன என்ற புகார். பிறகு போரியா சாக்ஸ் என்ற ஆய்வாளர் இதை 1883 வரை பின்னுக்குத் தள்ளினார், அந்த வருஷத்துப் படம் ஒன்றில் காக்காய் தெரிகிறது. அத்தோடு சரி. ஆயிரம் வருஷத்துப் பாரம்பரியத்துக்கு மெட்ராஸ் ஹிந்து பத்திரிகையைவிட வயது குறைவு. அது 1878-லேயே வந்துவிட்டது.

1880-களில் காக்காய் ஏன் அங்கே போனது என்பதுதான் சுவாரசியமான இடம். கோட்டையில் அப்போது ராஜாவும் இல்லை, கைதிகளும் குறைவு. உள்ளே வந்தது டிக்கெட் வாங்கிய கூட்டம். விக்டோரியா காலத்து ஜனங்களுக்கு ரத்தக் கதை என்றால் உயிர். இங்கேதான் ஆன் போலின் தலை விழுந்தது என்று காவலர் கை காட்டுகிறார். கூட்டம் பார்க்கிறது. பச்சைப் புல். வெயில் வேறு அடித்துத் தொலைக்கிறது. புல்லைப் பார்த்து யார் நடுங்குவார்கள்? அதே இடத்தில் கறுப்பாக ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தபடி நடந்தால், குறிப்பு எழுதாமலே காட்சி முடிந்தது. நம் நாடகக் கம்பெனிகள் சுடுகாட்டுக் காட்சிக்கு ஒரு மண்டை ஓட்டை வைப்பார்களே, அந்த வேலைக்குத்தான் காக்காய் நியமனம்.

காக்காயைக் கண்டால் நடுங்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று பார்த்தால், குற்றவாளிக் கூண்டில் இரண்டு எழுத்தாளர்களும் ஒரு வீட்டுக் காக்காயும் நிற்கிறார்கள்.

சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு ரேவன் வளர்த்தார். பெயர் கிரிப். குழந்தைகளின் கணுக்காலைக் கொத்தும். தோட்டத்தில் சில்லறைக் காசைப் புதைத்து வைக்கும். நாலு வார்த்தை பேசும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் வைத்திருந்த ஈயச் சாயத்தைத் தின்றது, அது உடம்பிலேயே தங்கி, 1841 மார்ச்சில் செத்துப்போனது. டிக்கன்ஸ் நண்பருக்கு ஒரு குடும்பப் பெரியவரின் மரண அறிவிப்புப் போல விலாவாரியாக எழுதினார். குழந்தைகள் பெரிதாக வருந்தவில்லை என்பதையும் மறைக்கவில்லை. காக்காயைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டார், அந்த வருஷமே 'பார்னபி ரட்ஜ்' நாவலில் அதே பெயரில் உலவவும் விட்டார்.

அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ அந்த நாவலுக்கு மதிப்புரை எழுதினார். அவர் குறை என்னவென்றால், இந்தக் காக்காயை டிக்கன்ஸ் சரியாகப் பயன்படுத்தவில்லை, இன்னும் கொஞ்சம் தீர்க்கதரிசியாக்கியிருக்கலாம் என்பது. குறை சொன்னவர் அதைத் தானே செய்து காட்டியது விமரிசன உலகில் அபூர்வம். 1845 ஜனவரியில் போவின் 'தி ரேவன்' கவிதை வெளிவந்தது. நள்ளிரவு, காதலியை இழந்தவன் அறை, கதவுக்கு மேல் வந்து உட்கார்ந்து எதற்கும் ஒரே பதிலைச் சொல்லும் பறவை. ஒரே ராத்திரியில் நாடு முழுக்கத் தெரிந்த ஆளாகிவிட்டார் போ. தெருவில் பின்னாலேயே பையன்கள் காக்காய் போலச் சிறகடித்துக்கொண்டு ஓடினார்களாம். கைக்குக் கிடைத்தது பதினைந்து டாலருக்குள். நாலு வருஷத்தில் பால்டிமோரில் அநாதையாகச் செத்தார்.

இந்த இடத்தில் நம் நச்செள்ளையாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. விருந்து வரக் கரைந்த காக்கையைக் குறுந்தொகையில் பாடியதற்காகக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்த அம்மையார். பதிற்றுப்பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பத்துப் பாட்டுப் பாடி ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் வாங்கினார். காக்கையைப் பாடிப் பெயர் வாங்கினார், ராஜாவைப் பாடிப் பொன் வாங்கினார். போ முதல் பாதியோடு நின்றுவிட்டார். அமெரிக்காவில் சேரன் இல்லை.

பாடம் செய்த கிரிப் இப்போது பிலடெல்பியாவின் பொது நூலகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கொத்துவதில்லை. லண்டன் கோட்டையிலோ அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு கிரிப் போனால் இன்னொரு கிரிப், கோயில் யானைக்கு லட்சுமி என்று வைப்பதுபோல.

ஆக 1880-களில் காக்காய் வந்துவிட்டது. சாபம் எப்போது வந்தது? அதற்கும் அறுபது வருஷம் ஆனது. ஹிட்லரின் விமானங்கள் லண்டன் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது கோட்டைக் காக்காய்கள் சத்தத்திலும் அதிர்ச்சியிலும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியவை மேபல், கிரிப் என்று இரண்டு. காக்காய்கள் போனால் நாடு போகும் என்ற பேச்சு, சாக்ஸ் தேடியவரை, எழுத்தில் முதலில் தலை காட்டுவது 1944-இல்தான். கவனியுங்கள், ஏறக்குறைய எல்லாக் காக்காயும் போன பிறகு, நாடு விழாமல் நின்றுகொண்டிருந்தபோது, காக்காய் போனால் நாடு விழும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். தலையில் குண்டு விழும் நேரத்தில் மனிதன் தர்க்கம் பார்க்க மாட்டான், அது எனக்குப் புரிகிறது. பரீட்சைக்குப் போகும் பையன் ஒற்றைத் தும்மலுக்குத் திரும்பி வருவதில்லையா?

போர் முடிந்ததும் மேபலும் காணாமல் போனது. எண்ணிக்கையை உடனே ஆறாக்குங்கள் என்று சர்ச்சில் கட்டளையிட்டார் என்பது புராணத்தின் கடைசிக் காண்டம். காக்காய் அவரைக் காப்பாற்றவில்லை, 1945 ஜூலைத் தேர்தலில் பிரதமர் நாற்காலி போய்விட்டது. 1946 ஜனவரி முதல் தேதி கோட்டையைத் திரும்பத் திறந்தபோது புதுக் காக்காய்கள் தயாராக நின்றன. எண்ணிக்கை சரி. சிறகு சரி. தீனி சரி. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15-ஆம் தேதி, அத்தனை காக்காயும் அந்தந்த இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, இந்தியா கையை விட்டுப் போனது. அதற்கடுத்த வருஷம் பர்மாவும் இலங்கையும் போயின. சூரியன் மறையாத சாம்ராஜ்யம் முழுக்கக் கரைந்து தீரும்வரை ஒரு காக்காய்கூட இடத்தை விட்டு நகரவில்லை. இதைப் பற்றிக் கோட்டைக் காவலர்களிடம் கேட்டால், சாபம் உள்நாட்டுக்கு மட்டும்தான் செல்லும் என்பார்கள்போல.

இன்றைக்கு நிலவரம் இது. ஆறு போதும், ஒன்று உபரி, ஆக ஏழு. ரேவன்மாஸ்டர் என்று ஒரு பதவி, நான் காக்காய் மேஸ்திரி என்று சொல்லிக்கொள்கிறேன். பட்டாளத்தில் 22 வருஷம் நன்னடத்தையோடு இருந்தவர்தான் கோட்டைக் காவலராக முடியும், அந்தக் காவலர்களில் ஒருவர்தான் மேஸ்திரி ஆக முடியும். துப்பாக்கி தூக்கிப் போர்முனை பார்த்த கை, காலையில் எலியும் கோழிக்குஞ்சும் நறுக்கி, ரத்தத்தில் ஊறவைத்த பிஸ்கட்டோடு பரிமாறுகிறது. ராத்திரி எண்ணிக் கூண்டில் அடைக்க வேண்டும். இறக்கைகளைக் கொஞ்சம் கத்தரித்தும் விட வேண்டும். முழுக்க இல்லை, நெடுந்தூரம் போய்விடாத அளவுக்கு. முடியாட்சி கடவுளின் அருளால் நடக்கிறது என்று நாணயத்தில் போட்டிருக்கிறார்கள். கத்தரிக்கோலுக்கு நாணயத்தில் இடம் இல்லை.

காக்காய்கள் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைத்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. அவை படைவீரர்களாகப் பதிவு செய்யப்பட்டவை, ஆகவே வேலையிலிருந்து நீக்கவும் செய்யலாம். ஜார்ஜ் என்ற காக்காய்க்குத் தொலைக்காட்சி ஆன்டெனாவைத் தின்பதில் தாளாத ஆசை. சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. 1986-இல் நடத்தை சரியில்லை என்று முறைப்படி உத்தரவு போட்டு வேலையிலிருந்து நீக்கி, வேல்ஸில் உள்ள மலை மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிரானின் தலை புறப்பட்டு வந்த நாட்டுக்கே காக்காய் திரும்பிப் போனது. என்ன, இது வழியில் அரட்டை அடித்ததாகத் தகவல் இல்லை. குரோக் என்ற இன்னொன்று 1981-இல் கோட்டையை விட்டுக் கிளம்பி, கடைசியாகக் கிழக்கு லண்டனில் ஒரு சாராயக் கடை வாசலில் தென்பட்டது. ராஜ்ஜியத்தைத் தாங்கும் அலுப்பு யாருக்குத்தான் இருக்காது?

2013-இல் ஒரு நரி உள்ளே புகுந்து இரண்டைத் தின்றுவிட்டது. அப்போது எட்டு இருந்ததால் கணக்கு சரியாக ஆறில் வந்து நின்றது, நரிக்கும் சட்டம் தெரிந்திருக்கிறது. செத்ததில் ஒன்றின் பெயர் ஜூபிலி, ராணியின் வைர விழாவுக்கு வந்த காக்காய். இன்னொன்று, ஆமாம், கிரிப்.

2020-இல் கொரோனா வந்து கோட்டையைப் பூட்டினார்கள். சிப்ஸும் சாண்ட்விச்சும் சிந்தும் கூட்டம் இல்லை. மேஸ்திரி கறி வைத்தார், மரியாதையாக வைத்தார், இருந்தும் காக்காய்கள் மதிலைத் தாண்டி ஆள் தேடிப் போக ஆரம்பித்தன. நம்மைப் பார்க்க அவை அங்கே உட்கார்ந்திருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, வேடிக்கை பார்க்க நாம்தான் அவற்றுக்குக் கிடைத்திருக்கிறோம். 2021 ஜனவரியில் மெர்லினா என்ற பெண் காக்காய், கோட்டையின் ராணி என்றே பேர் எடுத்தது, திரும்பவில்லை என்று அறிவித்தார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தோடு கடைசிக் கணக்கும் தீர்த்துப் பதினைந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. பத்திரிகைகள் சும்மா இருக்குமா? உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. கோட்டை அதிகாரிகள் நிதானமாகச் சொன்னார்கள், இன்னும் ஏழு இருக்கிறது, உபரி ஒன்று உண்டு, கவலை வேண்டாம். தீர்க்கதரிசனத்தைக் கையிருப்புப் பதிவேடு வைத்துச் சமாளித்த முதல் அரசு இதுதான்.

அதற்கு முன்பு கோட்டைக்கு வந்த ஒரு ஜோடியின் பெயர் ஹூகின், முனின். வடதேசத்து ஓடின் சாமியின் தோளில் உட்கார்ந்திருந்த இரண்டு காக்கைகளின் பெயர்கள், ஒன்று எண்ணம், இன்னொன்று நினைவு. தினமும் உலகைச் சுற்றிவந்து காதில் செய்தி சொல்லும். நினைவு திரும்பி வராமல் போய்விடுமோ என்றுதான் ஓடினுக்குக் கூடுதல் பயம். அந்தக் கோட்டை ஜோடிதான் 2019-இல் உள்ளேயே குஞ்சு பொரித்தது. முப்பது வருஷத்தில் முதல் முறை. நாலு குஞ்சு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், இங்கே மேஸ்திரிக்கே பொன் குஞ்சு. ஒன்றை வைத்துக்கொண்டு ஜார்ஜ் என்று பெயரிட்டார்கள். பிறகு பார்த்தால் அது பெண். ஜார்ஜியாக்கினார்கள்.

இவ்வளவையும் அடுத்த அமாவாசைக்குப் பெரியம்மாவிடம் சொன்னேன். மொட்டை மாடியில் வாழை இலைத் துண்டில் சாதம், பருப்பு, நெய், ஓரத்தில் ஒரு வடை. 1883 என்றேன், 1944 என்றேன், பூனை என்றேன். ஆயிரம் வருஷம் இல்லை பெரியம்மா, எல்லாம் டிக்கெட் விற்பதற்கு என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இறக்கையைக் கத்தரிக்கிறார்கள் என்றபோதுதான் திரும்பிப் பார்த்தார்.

"கத்தரிச்சா விட்டிருக்காங்க? என்கிட்டே அதைச் சொல்லலியே அந்தத் தொப்பிக்காரன்."

"சொன்னா டிக்கெட்டு வாங்குவீங்களா?"

பதில் இல்லை. கா, கா, என்று கையைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. இலையை ஒரு சுற்றுச் சுற்றி நடந்தது. சாதத்தைத் தொடவில்லை. பருப்பைத் தொடவில்லை. வடையைக் கவ்வியது.

"உங்க பெரியப்பாவேதான்" என்றார் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சோத்தைச் சீந்த மாட்டார்."

காக்காய் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா மேல் போய் உட்கார்ந்தது. வடையை ஓரமாக வைத்துவிட்டு, ஒயரைக் கொத்த ஆரம்பித்தது.